2027-இல் ஈஸ்டர் மார்ச் 28-ஆ, மே 2-ஆ? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு விளக்கம்

கேள்வி: என் மகன் குவைத்தில் வேலை செய்கிறான். 2027-ஆம் ஆண்டு ஈஸ்டர் கழிந்ததும் திருமணம் என்று இரு வீட்டாரும் பேசி முடித்திருக்கிறோம். நாங்கள் லத்தீன் கத்தோலிக்கர். பெண் வீட்டார் மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் கத்தோலிக்கர், அதாவது சுறியானி வழிபாட்டு முறையைப் பின்பற்றுபவர்கள். வீட்டு நாள்காட்டியில் ஈஸ்டர் மார்ச் 28 என்றும், மகனின் கைப்பேசியில் மே 2 என்றும் இருக்கிறது. மண்டபம் பேசித் தரும் தரகரோ, "சுறியானிக்காரருக்கு மே மாதம்தான் ஈஸ்டர், எப்படியும் ஜனவரியில் பிஷப் அறிவித்த பிறகுதான் உறுதியாகும், ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என்று இரண்டு தேதிக்கும் அட்வான்ஸ் போட்டு வையுங்கள்" என்கிறார். மகன் விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். யார் சொல்வதை நம்புவது? – ஒரு வாசகர், கருங்கல்.

பதில்: இரண்டாவது தேதிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். 2027-இல் ஈஸ்டர் மார்ச் 28, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டாருக்கும் அதே நாள், பெண் வீட்டாருக்கும் அதே நாள். இரு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு நோன்பின் தொடக்கத்தில் மட்டும்தான்: உங்களுக்குத் தவக்காலம் பிப்ரவரி 10-ஆம் தேதி திருநீற்றுப் புதனில் தொடங்கும், மலங்கரைச் சபையில் அதற்கு இரண்டு நாள் முன்னதாக, பிப்ரவரி 8 திங்கள்கிழமையே நோன்பு தொடங்கிவிடும். பெரிய வெள்ளி இரு வீட்டாருக்கும் மார்ச் 26. நம் மாவட்டத்தில் சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, லுத்தரன் சபையார் எல்லோருக்கும் இதே நாள்தான். பெயரிலேயே 'ஓர்த்தடாக்ஸ்' என்று இருக்கும் மலங்கரை ஓர்த்தடாக்ஸ் சபையும் இந்தியாவில் இதே நாளில்தான் ஈஸ்டர் கொண்டாடுகிறது. உங்கள் தரகர் அறிந்தோ அறியாமலோ அந்தப் பெயரை வைத்துத்தான் குழப்புகிறார்.

இந்த விழா ஆண்டுதோறும் ஏன் இடம் மாறுகிறது என்பது தெரிந்தால், இப்படிப்பட்ட பேச்சுக்கு நீங்கள் மறுபடி மயங்க மாட்டீர்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டது யூதர்களின் பாஸ்கா பண்டிகையை ஒட்டி என்று நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. பாஸ்கா, நிசான் மாதப் பௌர்ணமியை ஒட்டி வருவது. நிசான் நம் பங்குனியை ஒட்டி வரும் சந்திர மாதம். ஆகவே உயிர்ப்பு விழா பிறந்த நாளிலிருந்தே நிலவோடு கட்டப்பட்டது. கோட்டாறு சவேரியார் திருவிழா என்றால் டிசம்பர் 3 என்று முடித்துவிடுவதைப்போல் இதை முடிக்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம். தொடக்க நூற்றாண்டுகளில் சிற்றாசியாவின் கிறிஸ்தவர்கள், எந்தக் கிழமையானாலும் நிசான் 14-ஆம் நாளையே கொண்டாடினார்கள். ரோமையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொண்டாடினார்கள். ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில் ஸ்மிர்னாவின் ஆயர் பொலிகார்ப், முதிர்ந்த வயதில் ரோமைக்குப் பயணம் செய்து இதைப் பற்றி அங்கிருந்த ஆயர் அனிசேத்துசுடன் பேசினார். இருவரும் தத்தம் வழக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் சமாதானமாகவே பிரிந்தார்கள். 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய சங்கம்தான், எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் என்று முடிவு செய்தது. எப்படிக் கணக்கிடுவது என்பது பிறகு அலெக்சாந்திரியாவின் அட்டவணைகள் வழியாகவும், 525-இல் தியோனீசியு என்ற துறவி அவற்றை லத்தீனில் தொடர்ந்து எழுதியதன் வழியாகவும் மேற்கே நிலைபெற்றது.

அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. அதன் எளிய வடிவத்தைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மார்ச் 21-ஆம் தேதியில் விரலை வையுங்கள். அது பகலும் இரவும் சமமாகும் நாளாகத் திருச்சபை எடுத்துக்கொண்ட தேதி. அங்கிருந்து நகர்ந்து, அன்றோ அதற்குப் பின்னரோ முதலாவதாக வரும் பௌர்ணமியைத் தேடுங்கள். அந்தப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அந்த ஞாயிறு கணக்கில் வராது. அதற்கு அடுத்த ஞாயிறுதான். ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்போ ஏப்ரல் 25-க்குப் பின்போ நமக்கு வரவே முடியாது என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. மே மாத ஈஸ்டர் என்று யாராவது சொன்னால், அது நம்முடையது அல்ல என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். 2027-இல் மார்ச் 22 திங்கள்கிழமை பௌர்ணமி. அடுத்த ஞாயிறு மார்ச் 28.

உங்கள் மகனின் கைப்பேசி காட்டும் மே 2 பொய்யான தேதி அல்ல. அது வேறு சபைகளின் தேதி. கிரேக்க, ரஷ்ய ஓர்த்தடாக்ஸ் சபைகளும் எகிப்தின் காப்டிக் சபையும் 1582-இல் ரோமையில் செய்யப்பட்ட நாள்காட்டித் திருத்தத்தை ஈஸ்டர் கணக்கில் ஏற்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று மாற்றினார்கள். பழைய கணக்கு இப்போது 13 நாள் பின்தங்கி நிற்கிறது. எனவே அவர்களுடைய மார்ச் 21 நமக்கு ஏப்ரல் 3. மார்ச் 22-இன் பௌர்ணமி அதற்கு முன்னதாகவே வந்துவிடுவதால் அவர்கள் அதை விட்டுவிட்டு அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டும். அவர்களுடைய பழைய அட்டவணை அந்தப் பௌர்ணமியையும் சில நாள் பிந்தி, ஏப்ரல் 25 என்று காட்டுகிறது. அந்த ஏப்ரல் 25 ஞாயிற்றுக்கிழமை! பௌர்ணமி ஞாயிறாக இருந்தால் தள்ள வேண்டும் என்ற விதியால் இன்னும் ஒரு வாரம் தள்ளி மே 2 ஆகிறது. வளைகுடா நாடுகளில் எகிப்தியரும் சிரியரும் மிகுதி. கைப்பேசி நாள்காட்டியில் அவர்களுடைய பண்டிகைகள் சேர்ந்திருந்தால் உங்கள் மகன் அதைத்தான் பார்த்திருப்பார்.

ஜனவரியில் ஆயர் அறிவிப்பார் என்பதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மூன்று ராஜாக்கள் திருவிழாத் திருப்பலியில் அந்த ஆண்டின் ஈஸ்டர் முதலிய விழாக்களின் தேதிகளை அறிக்கையிடும் பழைய சடங்கு கத்தோலிக்கத் திருச்சபையில் உண்டு. அச்சிட்ட நாள்காட்டி இல்லாத காலத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர் ஆண்டுதோறும் கடிதம் எழுதி இந்தத் தேதியைச் சபைகளுக்குத் தெரிவித்தார். அந்த வழக்கத்தின் எச்சம் இது. அன்று தேதி வாசிக்கப்படுகிறது, முடிவு செய்யப்படுவதில்லை. 2028-இல் ஏப்ரல் 16, 2029-இல் ஏப்ரல் 1, 2030-இல் ஏப்ரல் 21 என்பதெல்லாம் இன்றே உறுதி.

விரலை வைத்து எண்ணும் முறை தவறிய ஆண்டும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாளை யாராவது அதைக் காட்டி உங்களைக் குழப்புவார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். 2019-இல் மார்ச் 21-ஆம் தேதி காலை 7 மணியளவில் பௌர்ணமி; அன்றுதான் பங்குனி உத்திரமும். விதிப்படி அடுத்த ஞாயிறு, மார்ச் 24, ஈஸ்டர் ஆகியிருக்க வேண்டும். ஆனால் உலகம் முழுவதும் மேலைச் சபைகள் ஏப்ரல் 21-ஆம் தேதிதான் கொண்டாடின. திருச்சபை வானத்து நிலவைப் பார்ப்பதில்லை, தன் அட்டவணையின் நிலவைப் பார்க்கிறது என்பதுதான் காரணம். 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை பௌர்ணமிகள் ஏறத்தாழ அதே தேதிகளுக்குத் திரும்பி வரும். 19 ஆண்டுகளில் 235 சந்திர மாதங்கள் அடங்கும். ஆண்டை 19-ஆல் வகுத்து, மீதியுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது பொன் எண். 2019-க்கு அது 6. அந்த எண்ணுக்கு நேராக அட்டவணையில் இருக்கும் பௌர்ணமி ஏப்ரல் 18. அதற்கு முந்திய அட்டவணைப் பௌர்ணமி மார்ச் 20-இல், எல்லைக்கு ஒரு நாள் முன்னதாக விழுந்துவிட்டது. ஒரே ஒரு நாள் வேறுபாட்டில் விழா நான்கு வாரம் தள்ளிப்போயிற்று. 2027-க்குப் பொன் எண் 14. அட்டவணையும் மார்ச் 22 என்கிறது, வானமும் மார்ச் 22 என்கிறது. ஆகவே அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

அதே 2019-இல்தான் தமிழ்நாட்டின் மக்களவை வாக்குப்பதிவை ஏப்ரல் 18-ஆம் தேதி, பெரிய வியாழனன்று வைத்தார்கள். மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்காக இரண்டு மணி நேரம் கூட்டிக் கொடுத்தார்கள். பாதம் கழுவும் சடங்குக்கு மாலையில் கோயிலுக்குப் போக வேண்டிய நம் மக்கள், வாக்குச்சாவடியில் பணியில் இருந்தார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு தேதியைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் தோன்றாதது எனக்கு இன்னும் வருத்தமே. சபைகளையும் நான் விட்டுவிடப் போவதில்லை. பொதுத் தேதிக்கு ஆட்சேபணை இல்லை என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 1997-இல் சிரியாவின் அலெப்போ நகரில் கூடிய கூட்டம் வானியல் கணக்கையே எல்லோரும் ஏற்கலாம் என்றது. எல்லாம் தாளிலேயே நிற்கின்றன. நிசேயா சங்கத்தின் 1700-ஆம் ஆண்டான 2025-இல் இரு தரப்புக்கும் ஈஸ்டர் ஏப்ரல் 20-ஆம் தேதி ஒன்றாக வந்தது. அந்த நல்ல தருணமும் கழிந்தது. இவர்கள் பேசிக்கொண்டே இருக்கும் இந்த ஐந்து வார இடைவெளியில் தரகர்கள் பணம் பார்க்கிறார்கள்.

இதை வெறும் ஐயத்தில் சொல்லவில்லை. 2024-இல் நமக்கு மார்ச் 31, மேலே சொன்ன கிரேக்க, ரஷ்ய, காப்டிக் சபைகளுக்கு மே 5. அந்த ஆண்டு என் உறவினர் வீட்டில் ஒரு தரகர் இதே பேச்சைப் பேசி இரண்டு தேதிக்குப் பணம் வாங்கினார். மே மாதத் தேதி வேண்டாம் என்று நவம்பரிலேயே சொல்லியும், "உங்களுக்காகத் தேதியை மூடி வைத்திருந்தோம்" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. என் உறவினர் கையில் இருந்தது ஒரு துண்டுத் தாள். அதில் மண்டபத்தின் முத்திரையோ மணமக்களின் பெயரோ இல்லை. பின்னர் மண்டப அலுவலகத்தில் விசாரித்தபோது, மே மாதத் தேதி அவர்கள் பதிவேட்டில் ஏறவே இல்லை என்று தெரிந்தது.

ஆகையால் மண்டப அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போங்கள். ஏப்ரல் முதல் வாரம் நெரிசலாகத்தான் இருக்கும், தவக்காலம் முழுவதும் காத்திருந்த எல்லா வீட்டாரும் அப்போதுதான் வருவார்கள். ஆனால் ஏப்ரல் 5 திங்கள்கிழமைக்குப் பிறகு இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. தேதி, மணமக்கள் பெயர், தொகை, ரத்தானால் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பவை முத்திரையுடன் எழுதிய ரசீதில் இருக்க வேண்டும். அதற்கும் முன்பாக இரண்டு பங்குத் தந்தையரிடமும் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். பங்கு அலுவலகத்தில் "அறிவிப்பு வரட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், திருப்பலி நூலிலேயே இருக்கும் விழாக்களின் அட்டவணையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மகனுக்கு ஏப்ரல் முழுவதும் அடங்கும்படி விடுப்புக் கேட்கச் சொல்லுங்கள். திருமண ஓலையைத் தவக்கால ஞாயிறுகளிலேயே வாசித்துவிடலாம், அதற்கு அவர் இங்கே இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் திருமணமாகாதவர் என்பதற்குக் குவைத்தில் அவர் போகும் பங்கிலிருந்து ஒரு சான்று வர வேண்டும். நான் பார்த்த வெளிநாட்டுத் திருமணங்களில் பெரும்பாலும் தாமதமானது அந்தத் தாள்தான். அதற்கு அவரை இந்த வாரமே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.