கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு லேசர்: எது கூடும், எது கூடாது?

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்ற ஆசையோடு லேசிக் பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் பலருக்குத் தங்களுக்குக் கெரட்டோகோனஸ் இருப்பதே தெரியவருகிறது. கருவிழி மெலிந்து, முன்பக்கமாகக் கூம்பு வடிவில் பிதுங்கும் நோய் இது. பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கி, முப்பதுகளின் நடு வரைக்கும் கூடிக்கொண்டே போகலாம். இம்முறை வந்த கேள்விகள் அத்தனையும் இதைச் சுற்றியே இருந்ததால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எனக்கு வயது 23. இடது கண்ணில் மைனஸ் 4, சிலிண்டர் 2.5. ஆவணியில் கல்யாணம். லேசிக் செய்யப் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, “ஆரம்பநிலை கெரட்டோகோனஸ், செய்ய முடியாது” என்று சொல்லிவிட்டார்கள். “ஸ்மைல் என்று புதிதாக ஒன்று இருக்கிறது, வேறு இடத்தில் செய்துகொள்” என்கிறார்கள் உறவினர்கள். செய்யலாமா? – வாசகி, திருப்பூர்

வேண்டாம் அம்மா. லேசிக்கும் வேண்டாம், ஸ்மைலும் வேண்டாம். முடியாது என்று சொன்ன மருத்துவர் உங்கள் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்.

கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன். லேசிக்கில் முதலில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனுக்கு மேல்பகுதியை மூடி மாதிரி வெட்டித் திறக்கிறார்கள். பிறகு அதன் அடியில், ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் திசுவை லேசர் கரைக்கிறது. உங்கள் பவருக்கு 80 மைக்ரானாவது போய்விடும். வெட்டிய மூடி திரும்ப ஒட்டிக்கொள்ளும். பழைய வலு வராது. நல்ல கண் இந்த இழப்பைத் தாங்கும். ஏற்கெனவே நார்கள் தளர்ந்து பிதுங்க ஆரம்பித்த கண்ணில் இதைச் செய்தால் மிச்சமிருக்கும் வலுவும் போய், நோய் வேகமெடுக்கும். லேசிக்குக்குப் பிறகு கருவிழி பிதுங்குவதை ஜெர்மானிய மருத்துவர் தியோ சைலர் குழுவினர் 1998-லேயே பதிவு செய்துவிட்டார்கள்.

ஸ்மைலில் மூடி வெட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் கருவிழிக்குள்ளிருந்து மெல்லிய வில்லை அளவுக்குத் திசுவை உருவி எடுக்கிறார்கள். அதற்குப் பிறகும் பிதுங்கிய கண்கள் உண்டு.

உங்கள் ஸ்கேன் தாளை எடுத்துப் பாருங்கள். பெண்டாகாம் என்ற ஸ்கேன் கருவியில் எடுத்தது என்றால் நான்கு வண்ண வட்டங்கள் இருக்கும். வளைவைக் காட்டும் வட்டத்தின் கீழ்ப்பாதியில் ஒரு பக்கமாகச் சிவப்புத் திட்டு தெரியும். பின்பரப்பைக் காட்டும் வட்டத்திலும் அதே இடம் மேடிட்டிருந்தால், தடிமன் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் லேசரைப் பற்றி யோசிக்கவே கூடாது. “தடிமன் 520 இருக்கிறதே” என்று சொல்லித் தேற்றுகிறவர்களை நம்பாதீர்கள்.

கல்யாணத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்றால் பொருத்தமான கான்டாக்ட் லென்ஸ் போடலாம். ஒரு விஷயம் முக்கியம்: கர்ப்ப காலத்தில் சிலருக்கு இந்த நோய் கூடும். ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும் முன் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்து, நோய் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டாரிடம் மறைக்க இதில் எதுவுமில்லை.

சி3ஆர் செய்யச் சொல்கிறார்கள். அதுவும் லேசர்தானே? செய்தால் கண்ணாடி போய்விடுமா? – கல்லூரி மாணவர், மதுரை

லேசர் இல்லை, கண்ணாடியும் போகாது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

ரைபோஃபிளேவின் எனும் வைட்டமின் பி2 சொட்டுமருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, அதன்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். கருவிழியின் கொலாஜன் நார்களுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகின்றன. கீற்றுக் கொட்டகையில் தளர்ந்த கட்டுகளை இறுக்கிக் கட்டுவது போன்ற வேலை. சாய்ந்ததை நிமிர்த்தாது, மேலும் சாயாமல் நிறுத்தும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான இந்தச் சிகிச்சையின் முதல் முடிவுகள் 2003-ல் வெளியாயின. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் அத்தோடு நிற்கிறது. சிலருக்குக் கருவிழி கொஞ்சம் தட்டையாகி, பார்வையும் ஓரளவு தேறும். அதைக் கூடுதல் லாபமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூல முறைப்படி அரைமணி நேரம் சொட்டுமருந்து, அரைமணி நேரம் ஒளி. இப்போது ஒளியின் வீரியத்தைக் கூட்டி, பத்து நிமிடத்தில் முடிப்பதும் உண்டு. கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுப்பதால் முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலும் கண்ணீரும் கடுமையாக இருக்கும். பரீட்சைக்கு முந்தின வாரம் செய்துகொள்ளாதீர்கள். தோல் ஆறும்வரை பாண்டேஜ் லென்ஸ் போடுவார்கள். பிறகு சில மாதம் லேசான மங்கல் இருக்கும். பெரும்பாலும் தானே தெளியும். வழக்கமான முறைக்குக் கருவிழி 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட வாய்ப்பு குறையும்.

சி3ஆரோடு சேர்த்து லேசரும் செய்யலாம் என்கிறார் மருத்துவர். கெரட்டோகோனஸுக்கு லேசரே கூடாது என்று படித்திருக்கிறேனே? – 29 வயது, சென்னை

கூடாது என்பது பவரை எடுப்பதற்கான லேசிக். உங்களுக்குச் சொல்லப்படுவது வேறு. கருவிழி வரைபடத்தைப் பார்த்து, மேடான இடத்தை மட்டும் மேலோட்டமாக லேசரால் கொஞ்சம் சமன்படுத்தி, அன்றே சி3ஆரும் செய்துவிடுவது. கிரேக்க மருத்துவர் ஜான் கனெல்லோபுலோஸ் பிரபலப்படுத்தியதால் ஏதென்ஸ் முறை என்று பெயர். பொதுவாக 50 மைக்ரானுக்கு மேல் எடுப்பதில்லை. பார்வையின் தரத்தைக் கூட்டுவதே இதன் நோக்கம். அதற்குப் பிறகும் கண்ணாடி தேவைப்படலாம்.

மருத்துவரிடம் மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்: என் கருவிழியில் மிக மெலிந்த இடம் எத்தனை மைக்ரான்? எவ்வளவு எடுப்பீர்கள்? மிச்சம் எவ்வளவு இருக்கும்? கண்ணாடி போட்டே பார்வைப் பலகையில் 6/9 வரி வரை படிக்க முடிகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. எடுத்த திசு திரும்ப வராது.

என் மகனுக்கு 12 வயது. எந்நேரமும் கண்ணைக் கசக்குகிறான். ஒரே வருடத்தில் சிலிண்டர் பவர் 1-லிருந்து 3 ஆகிவிட்டது. வளர்ந்த பிறகு லேசர் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்களே? – ஒரு தாய், நாகர்கோவில்

வளரும்வரை காத்திருக்காதீர்கள். இந்தக் கேள்விகளில் அவசரமானது உங்களுடையதுதான். இந்த வாரமே கருவிழி ஸ்கேன் எடுங்கள்.

வெயில் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய வருவார்கள். இமை ஓரம் கறுத்து, கண் பழுப்புச் சிவப்பாக இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் முட்டியைக் கண்ணில் வைத்து, நாலைந்து முறை அழுத்திச் சுழற்றுவான். மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால் உட்புறம் முழுக்கச் சொரசொரவென்று பருக்கள். அது அலர்ஜி. அரிப்பால் கசக்குகிறான், கசக்குவதால் கருவிழி மேலும் தளர்கிறது. ஆகவே “கசக்காதே” என்று அதட்டிப் பயனில்லை. அரிப்பை நிறுத்த வேண்டும். அலர்ஜிக்கான சொட்டுமருந்தை மருத்துவர் சொன்ன காலம் முழுக்க விடுங்கள். அரிக்கும்போது சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, மூடிய கண்மேல் அழுத்தாமல் வையுங்கள். குப்புறப் படுத்துக் கண்ணைத் தலையணையில் அழுத்தித் தூங்கும் பழக்கத்தையும் மாற்றுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு சொட்டுமருந்தைத் திரும்பத் திரும்ப வாங்கிப் போடவே கூடாது. உடனே சுகமாக இருக்கும், ஆனால் கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாகோமா வரும், புரையும் விழும்.

பிள்ளைகளுக்கு நோய் வேகமாக ஏறும். பெரியவர்களுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஸ்கேனை ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். இந்த வயதில் நோய் உறுதியானால் சி3ஆரைத் தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் அலர்ஜியை முதலில் அடக்க வேண்டும். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு ஸ்கேன்.

ஆர்ஜிபி எனும் கடினமான கான்டாக்ட் லென்ஸ் போட்டால் பார்வை தெளிவாக இருக்கிறது. ஆனால் பைக்கில் தூசி பட்டால் உயிர் போகிறது. – விற்பனைப் பிரதிநிதி, சேலம்

ஸ்கிலீரல் லென்ஸ் போட்டுப் பாருங்கள். அளவில் பெரியது, கருவிழியைத் தொடாமல் தாண்டி, வெள்ளைவிழியில் உட்காரும். தூசி உள்ளே போவது மிகவும் குறைவு. போடும் விதம் பழக ஒரு வாரமாவது ஆகும்: லென்ஸ் கிண்ணத்தில் பிரிசர்வேட்டிவ் இல்லாத உப்புநீரை விளிம்புவரை ஊற்றி, முகத்தைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து, இமைகளை நன்றாக விரித்து, லென்ஸை மேல்நோக்கிக் கொண்டுபோய் ஒட்ட வைக்க வேண்டும். குமிழி விழுந்தால் கழற்றி மறுபடி. குழாய்த் தண்ணீர் எந்த லென்ஸிலும் படக்கூடாது. அகந்தமீபா என்ற கிருமி கருவிழியையே அழிக்கும். விலை அதிகம்தான். எந்த லென்ஸும் நோயை நிறுத்தாது என்பதால் வருடாந்தர ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்.

வயது 36. பத்து வருடமாகப் பவர் மாறவில்லை. ஐசிஎல் வைக்கலாமா? – வாசகர், புதுச்சேரி

ஐசிஎல் என்பது கண்ணுக்குள்ளேயே பொருத்தும் பவர் லென்ஸ். வைக்கலாம், இரண்டு நிபந்தனையோடு. நோய் நின்றுவிட்டது என்று ஸ்கேன்களில் உறுதியாக வேண்டும். கண்ணாடி போட்டால் பார்வை நன்றாகத் தெரிய வேண்டும். கண்ணாடியில் தெளியாமல் ஆர்ஜிபியில் மட்டும் தெளிகிறது என்றால், ஐசிஎல் வைத்தாலும் எழுத்துகள் நிழலடித்தே தெரியும்.

தம்பிக்கு ஒரு கண்ணில் முற்றிய கெரட்டோகோனஸ். போன மாதம் திடீரென்று கருவிழி வெள்ளையாகி, வலியும் வந்தது. இனி கண்ணையே மாற்ற வேண்டியதுதானா? – வாசகர், தஞ்சாவூர்

திடீர் வெண்மை, ஹைட்ராப்ஸ் ஆக இருக்கலாம். கருவிழியின் உள்ஜவ்வு கிழிந்து, நீர் புகுந்து வீங்கிவிடும். சில வாரம் முதல் சில மாதத்தில் வற்றும், தழும்பு மிஞ்சக்கூடும். கிருமித் தொற்றும் இதே மாதிரி தெரியும் என்பதால், இதுவரை காட்டவில்லை என்றால் இன்றே காட்டுங்கள்.

கண் முழுவதையும் யாரும் மாற்றுவதில்லை, கருவிழியை மட்டும்தான். தழும்பு நடுவில் விழாவிட்டால் ஸ்கிலீரல் லென்ஸிலேயே சமாளிக்கலாம். தழும்பு இல்லாத நடுத்தர நிலையினருக்குத் தானக் கருவிழியிலிருந்து வளையத் துண்டுகளை வெட்டி உள்ளே செருகும் கெய்ர்ஸ் முறையும் இருக்கிறது. அதை உருவாக்கியவர் சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப். மாற்று அறுவை சிகிச்சை என்றே முடிவானால், உள்ஜவ்வு கிழிந்த கண்ணுக்குப் பெரும்பாலும் முழுத் தடிமனையும் மாற்ற வேண்டிவரும். தையல் முழுவதும் எடுத்துப் பார்வை நிலைக்க ஒரு வருடத்துக்கு மேலாகும். அதற்குப் பிறகு எத்தனை வருடமானாலும், அந்தக் கண்ணில் சிவப்பு, வெளிச்சக் கூச்சம், மங்கல், இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். உடல் கருவிழியை நிராகரிப்பதன் முதல் அறிகுறிகள் இவை. உடனே பார்த்தால் பெரும்பாலும் சொட்டுமருந்திலேயே மீட்டுவிடலாம்.