கணினி கேள்வி–பதில்: இரண்டு கோரா, நான்கு கோரா?

கேள்வி: கோர் 2 டுவோ ஈ8400 செயலி, பி45 சிப்செட் மதர்போர்டு, டிடிஆர்2-800 ரேம் 4 ஜிபி ஆகியவற்றைக் கொண்ட பழைய கணினியில், செயலியை 3.6 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்க்ளாக் செய்து (இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டி) பழைய கேம்களை விளையாடி வருகிறேன். செகண்ட் ஹேண்ட் கடையில் கோர் 2 குவாட் கியூ6600 மலிவாகக் கிடைக்கிறது. நான்கு கோர் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) என்றாலும் அதன் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் என்பதால் தயங்குகிறேன். மாற்றலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் எந்தெந்த கேம்களை விளையாடுகிறீர்கள் என்பதை எழுதவில்லை; உண்மையில் விடை அதில்தான் இருக்கிறது. 2007-ல் வந்த கிரைசிஸ் போன்றவை வேலையின் பெரும்பகுதியை ஓரிரு கோர்களின் மீதே சுமத்துகின்றன. மற்ற இரண்டு கோர்களும் சும்மா இருக்கும் என்பதால், அங்கே கிகாஹெர்ட்ஸ் கூடுதலாக உள்ள செயலிதான் வெல்லும். போதாக்குறைக்கு, 45 நானோமீட்டரில் (இந்த எண் சிறிதானால் தயாரிப்பு முறை புதியது) செய்யப்பட்ட உங்கள் ஈ8400, 65 நானோமீட்டர் கியூ6600-ஐ விட ஓராண்டு பிந்தியது. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினாலும், கோருக்குக் கோர் அது சற்று முந்தும். ஆனால் 2008 டிசம்பரில் கணினிக்கு வந்த ஜிடிஏ 4-ஐ இதே இயந்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை மோசமில்லை என்று தோன்றினாலும், நெரிசலான சாலையில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் நின்று நின்று நகரும். இரண்டு கோர்களும் முழுச் சுமையில் திணறுவதன் அடையாளம் அது, 3.6 என்பதை 3.8 ஆக்குவதால் தீரக்கூடியதன்று.

இனி ஓவர்க்ளாக் கணக்குக்கு வருவோம். போர்டு தரும் அடிப்படைத் துடிப்பான பஸ் வேகத்தை (மெகாஹெர்ட்ஸில்) பெருக்கெண்ணால் பெருக்கினால் வருவதே செயலியின் வேகம். இரு செயலிகளிலும் பெருக்கெண்ணை 9-க்கு மேல் உயர்த்த முடியாது என்பதால், பஸ் வேகத்தை உயர்த்துவது ஒன்றே வழி. உங்கள் 3.6 என்பது 400-ஐ 9-ஆல் பெருக்கியதால் வந்தது. டிடிஆர்2-800 ரேமும் அப்போது தனக்கு விதிக்கப்பட்ட வேகத்திலேயே ஓடுகிறது. கியூ6600-இன் இயல்பான பஸ் வேகம் 266. அதை 333 ஆக்கினாலே 3 கிகாஹெர்ட்ஸ் கிடைத்துவிடும்; பி45 போர்டுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே, கடைக்காரர் சொல்லும் 2.4 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

தயங்க வேண்டியது வெப்பத்தைப் பார்த்து. ஈ8400-க்கு இன்டெல் குறித்துள்ள வெப்ப அளவு 65 வாட். கியூ6600-இன் ஜி0 பதிப்புக்கு 95, அதற்கு முந்தைய பி3 பதிப்புக்கு 105. இவை இயல்பு வேகத்துக்கான அளவுகள். ஓவர்க்ளாக்கில் மின்னழுத்தத்தையும் உயர்த்தினால் வெப்பம் இன்னும் வேகமாக ஏறும். மேலும், நான்கு கோர்களில் எது பலவீனமானதோ அதுவே மற்ற மூன்றுக்கும் எல்லை வகுத்துவிடும் என்பதால், டூயல் கோரில் எளிதாகக் கிடைக்கும் வேகம் குவாட் கோரில் கிடைப்பதில்லை. என்னுடைய பழைய குவாட் கோர் கணினி ஒன்று ஜனவரியில், செயலிக்கு முழுச் சுமை தரும் பிரைம்95 மென்பொருள் சோதனையில் இரவெல்லாம் அசையாமல் நின்றது. கத்திரி வெயில் தொடங்கியதும் அதே அமைப்பில் இருபது நிமிடத்தில் உறைந்துபோனது. கேபினட்டைத் திறந்து பார்த்தபோது, செயலியை விடவும் அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் போர்டுப் பகுதிதான் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே ஹீட் சிங்க் இல்லை. வாங்கும்போது அதை நான் கவனிக்கவும் இல்லை. மதுரை வெயிலுக்கு உங்கள் போர்டையும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் முதலில் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

என் பரிந்துரை இதுதான்: கேம்கள் 2008-க்கு முந்தியவையாக இருந்தால் ஈ8400 அப்படியே இருக்கட்டும். அதற்குப் பிந்தியவையும் உண்டென்றால் குவாட் கோருக்கு மாறுங்கள். ஆனால் கியூ6600-ஐ விட, தேடிப் பிடித்தாவது கியூ9550 வாங்குவது மேல். அதுவும் 45 நானோமீட்டர், 12 எம்பி கேச் (செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்டது, பெருக்கெண் 8.5 என்பதால், நீங்கள் இப்போது வைத்திருக்கும் அதே 400 பஸ் வேகத்தில் 3.4 கிகாஹெர்ட்ஸ் தரும். மாற்றுவதற்கு முன், மதர்போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பதிப்பு அதை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தத் தலைமுறைச் செயலிகள் எதிலும் எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் கிடையாது. அவற்றைக் கட்டாயமாக்கும் புதிய கேம்கள் எத்தனை கோர் இருந்தாலும் தொடங்காது.

கேள்வி: பென்டியம் ஜி3258-ஐ இசட்97 போர்டில் 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். சில கேம்கள் விட்டுவிட்டு ஓடுகின்றன. பெரிய கூலர் போட்டு 4.7 வரை கொண்டுபோனால் சரியாகுமா?
– வாசகர், கோவை

பதில்: ஆகாது. முதலில் கேமின் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் முடக்குவது செயலிதான், கிராபிக்ஸ் கார்டு அல்ல. 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எட்டு கோர்கள் இருந்ததால், கேம் எழுதுகிறவர்கள் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2014-ல் ஃபார் கிரை 4 வெளிவந்தபோது, உங்களுடையதைப் போன்ற வெறும் இரண்டு கோர் செயலிகளில் கறுப்புத் திரைதான் தெரிந்தது. ஜி3258-இல் ஒரு கோரையே இரண்டு போல இயங்கவைக்கும் ஹைப்பர் த்ரெடிங்கும் இல்லை, சில கேம்கள் எதிர்பார்க்கும் ஏவிஎக்ஸ் கட்டளைகளும் இல்லை. கூலருக்கு ஒதுக்கிய பணத்தை, அதே சாக்கெட்டில் பொருந்தும் பழைய ஐ5-4690கே அல்லது ஐ7-4790கே வாங்குவதற்குச் சேர்த்து வையுங்கள். ஓவர்க்ளாக் வசதியே இல்லாத ஐ5-4460 கிடைத்தாலும், அந்தக் கேம்களில் உங்கள் 4.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை விடச் சீராகவே ஓடும்.