வாசகர் கேள்வி: பழைய மெட்ராஸ் தாளும் புழல் மனையும்

கேள்வி (புழல் வாசகர்): அமெரிக்க ராணுவ வரைபடத் துறை 1950களில் வெளியிட்ட யு502 வரிசையின் மெட்ராஸ் தாளை (என்டி 44-10) டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்திலிருந்து இறக்கினேன். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தால் கடற்கரை விலகி நிற்கிறது. என் மனை ஒரு காலத்தில் ஏரியாக இருந்ததா என்று இதில் பார்க்கலாமா?

பதில்: மனை விஷயத்துக்கு இந்தத் தாள் உதவாது. அளவுகோல் 1:2,50,000, தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 250 மீட்டர். ஒரு கிரவுண்டு மனை ஊசிமுனை அளவுகூட வராது. புழல், சோழவரம், பூண்டி மாதிரிப் பெரிய நீர்நிலைகளை நம்பிப் பார்க்கலாம். சின்னத் தாங்கல்கள் விடுபட்டிருக்கும். தாளில் இல்லை என்பதால் தரையிலும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். இதைவிட விரிவான, இந்திய சர்வே துறையின் 66சி/4 தாளைப் பாருங்கள். பிறகு கிராம வரைபடம், புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவுப் படம்), 'அ' பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு). நிலத்தின் வகைப்பாடு அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

இனி விலகல். முதலில் சந்தேகப்பட வேண்டியது, தாளை இடத்தில் பொருத்த ஒவ்வொரு புள்ளிக்கும் நீங்கள் தட்டிய அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை. 13°30' என்பதை 13.30 என்று கொடுத்தால் ஊரே 22 கி.மீ. தெற்கே போய்விடும், 30' என்பது அரைப் பாகை என்பதால் 13.5 என்று கொடுக்க வேண்டும். எக்ஸ் பெட்டியில் தீர்க்கரேகை, ஒய்யில் அட்சரேகை. தாளின் மூலைகள் 13°, 14° வடக்கு. 79°30', 81° கிழக்கு. நான்கு மூலைகளோடு நிறுத்தினால் காகிதம் சுருங்கியதும் மடிப்பு இழுத்ததும் தெரியாது. தாளின் ஓரத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிகளையும் சேர்த்து எட்டு, ஒன்பது புள்ளிகளாவது வையுங்கள். பழைய தாள் எவரெஸ்ட் நீள்கோளத்தில், அதாவது பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கில், அமைந்தது. அதை இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்தால் சென்னைப் பக்கம் சுமார் 200 மீட்டர் தள்ளும். எவரெஸ்ட் கணக்கில் அமைந்த கல்யாண்பூர் 1975 முறையை (மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 4146) கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூவம், அடையாறு முகத்துவாரங்களைப் புள்ளியாக வைக்கவே வைக்காதீர்கள். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அங்கே தெரியும் விலகலில் ஒரு பங்கு நிஜம், 'சரிசெய்ய' வேண்டாம். பொருத்தியபின் சோதிக்க அரக்கோணம் ரயில் சந்திப்பு நல்ல இடம்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): அதே தாளில் எங்கள் ஊரும் தாம்பரமும் ஏன் இல்லை?

பதில்: தாள் தெற்கே 13 பாகையில் (13°) வெட்டப்படுகிறது. அடையாறு முகத்துவாரம் மயிரிழையில் உள்ளே, நீங்கள் வெளியே. என்டி 44-14 தாளை இறக்குங்கள்.