படுக்கையில் நடக்கும் விசாரணை

வணக்கம் ஐயா,

இரவு படுத்ததும் அன்றைக்கு யாரிடம் என்ன பேசினேன், எங்கே தப்பு செய்தேன் என்று ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். தன்னைத்தானே பரிசோதிப்பது நல்லது என்று படித்துவிட்டுத் தொடங்கியது. இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, தூக்கமும் கெடுகிறது. ‘சும்மா உங்களையே நோண்டிக்கொண்டிருக்காதீர்கள்’ என்கிறார் மனைவி. அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு சுயபரிசோதனை வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மனைவி சொல்வதில் முக்கால்வாசி சரி. பழக்கத்தில் குற்றமில்லை, செய்யும் முறையில்தான் கோளாறு.

ரோமானியச் சிந்தனையாளர் செனக்காவும் இரவில்தான் இதைச் செய்தார். விளக்கை அகற்றி, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாளைப் புரட்டிப் பார்ப்பாராம். ஆனால் அவர் தரும் மாதிரி சுருக்கமானது: அந்த வாக்குவாதத்தில் சண்டைக்கு நிற்பதுபோலப் பேசினாய், இனிச் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன். அத்தோடு வழக்கு முடிந்தது. உங்கள் வழக்கு தினமும் வாய்தா வாங்குகிறது.

காரணம், ‘நான் ஏன் இப்படி?’ என்ற கேள்வி. அதற்கு முடிவே கிடையாது. அப்பா, ஜாதகம், பள்ளிக்கூடம் என்று போய்க்கொண்டே இருக்கும். ‘என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். ‘திமிராக நடந்துகொண்டேன்’ என்று எழுதினால் திருத்த எதுவுமில்லை. ‘மணி இரண்டரை, சாப்பிடவில்லை, அவர் பேசி முடிக்கும் முன் குறுக்கிட்டேன்’ என்று எழுதினால் நாளைக்கு வேலை இருக்கிறது: கூட்டத்துக்கு முன் சாப்பிட்டுவிடுவது.

எனவே படுக்கையில் வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டில், அலாரம் வைத்துப் பத்து நிமிடம். ஒரே ஒரு சம்பவம், மூன்று வரி: நடந்தது, அதில் என் பங்கு, நாளை செய்வது. மூன்றாவது வரி வரவில்லையென்றால் அது அசைபோடுதல், நோட்டை மூடிவிடுங்கள். ‘நான்’ என்பதற்குப் பதில் ‘எஸ். குறுக்கிட்டார்’ என்று எழுதிப் பாருங்கள், சூடு குறையும். ‘ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்’ (அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தையும் பார்த்தால்) என்ற குறளை நாம் கண்டிப்புக்கான அறிவுரையாகவே படிக்கிறோம். அயலார் குற்றத்தை நினைத்து யாரும் தூக்கம் கெடுவதில்லை என்பதையும் அதில் சேர்த்துப் படிக்கலாம்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்தப் பார்ப்பது இன்னொரு தவறு. அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, சிறு நோட்டில் நாளுக்கொன்றாக ஏழு பத்திகள் கோடிட்டு, தவறுக்கு ஒரு கரும்புள்ளி வைத்தார். ஆனால் வாரத்துக்கு ஒரு குணத்தில்தான் முழுக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று. அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகி, பிறகு தந்தத் தகடுகளுக்கு மாறினார். அப்படியும் ‘ஒழுங்கு’ என்ற குணம் மட்டும் அவருக்குப் பிடிபடவேயில்லை. காலப்போக்கில் ஆண்டுக்கு ஒரு சுற்று, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒன்று என்று குறைந்து, கடைசியில் விட்டுவிட்டார். நோட்டு மட்டும் எப்போதும் கூடவே இருந்தது.

உங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் போதும் என்பது என் கணிப்பு. சண்டை, பெரிய முடிவு என்று ஏதாவது வந்தால் கூடுதலாக ஒரு நாள். படுத்த பிறகு ஏதாவது மேலெழுந்தால், தலைமாட்டில் வைத்த துண்டுத்தாளில் ஒரே சொல் எழுதி அடுத்த நாள் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுங்கள். காலையில் அந்தச் சொல் எதற்கென்றே பல நாள் புரியாது. இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் வரவில்லையென்றால் நோட்டை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.