அமெரிக்கக் கால்பந்தின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த அணியைத் தேர்வு செய்யச் சொன்னால் யார் யாருக்கு இடம் கொடுப்பீர்கள்?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு குவார்ட்டர்பேக்கின், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரின், பெயர்தான் வரும். டாம் பிரேடியா, ஜோ மொன்டானாவா என்று அரை மணி நேரம் போய்விடும். நான் அங்கிருந்து தொடங்க மாட்டேன். என் அணியில் முதல் பெயர் தடுப்பாட்டக்காரர் லாரன்ஸ் டெய்லர். இரண்டாவது பெயர், அவரைத் தடுத்து நிறுத்தக்கூடிய ஒருவர். மற்றவர்களெல்லாம் பிறகு.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறு பதினொருவர். தாக்கும் பதினொருவரில் ஐந்து பேர் முன்வரிசை. நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பதோடு சரி. அவருக்கு இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள்; இந்த நால்வருக்கும் பந்தோடு பெரும்பாலும் உறவே இல்லை. பாய்ந்து வருபவனை மறிப்பதுதான் அவர்கள் வேலை. இவர்கள் உழைப்பைச் சொல்ல கணக்குப் புத்தகத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

என் மகன் பள்ளி அணியில் ரைட் கார்டு, அந்த ஐவரில் ஒருவன். நாங்கள் இருப்பது ஒஹாயோவில். இங்கே இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவென்றால் ஊரே பள்ளி மைதானத்தில்தான் இருக்கும். போன சீசன் முழுக்க ஒலிபெருக்கியில் அவன் பெயர் ஒரே ஒரு முறை கேட்டது, எதிராளியைப் பிடித்து இழுத்த பெனால்டிக்காக. அதே ஆட்டத்தில் அவன் திறந்துவிட்ட வழியில் ஓடித்தான் எங்கள் ரன்னிங் பேக், பந்தோடு ஓடுபவன், மூன்று டச் டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது) போட்டான். அன்றிலிருந்து நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பந்து கைமாறிய பிறகும் என் கண் முன்வரிசையிலேயே இருக்கும். என் அணியும் அந்தக் கண்ணோடு பார்த்த அணிதான்.

எண்களை வைத்து இந்தத் தேர்வைச் செய்ய முடியாது. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் சீசனுக்கு 12 ஆட்டங்கள் என்றிருந்தது 1961இல் 14 ஆனது, 1978இல் 16, 2021இல் 17. குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்தும் ‘சாக்’ ஆளுக்கு ஆள் அதிகாரபூர்வமாகக் கணக்கிடப்பட்டதே 1982 முதல்தான். அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த டீக்கன் ஜோன்ஸின் பெயரில் அதிகாரபூர்வமாக ஒரு சாக்கூட இல்லை! அதனால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த ஆள் இருந்ததால் எதிரணிகள் தங்கள் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்களா?

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். எந்த ஆண்டின் விதிகள்? டீக்கன் ஜோன்ஸ் எதிராளியின் ஹெல்மெட்டில் பளாரென்று அறைந்துவிட்டுத் தாண்டிப் போவார். 1977இல் அதைத் தடை செய்தார்கள். பிட்ஸ்பர்க்கின் மெல் பிளவுன்ட், எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை வழி நெடுக இடித்துக்கொண்டே போவார்; 1978இல் ஐந்து யார்டுக்கு மேல் தொடக்கூடாது என்றார்கள். அதே ஆண்டுதான் முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து மறிக்கவும் அனுமதி வந்தது. 2009இல் குவார்ட்டர்பேக்கின் முழங்காலுக்குப் புதுப் பாதுகாப்பு. நான் 1985இன் விதிகளை எடுத்துக்கொள்கிறேன். பழைய முரட்டுத்தனத்தில் பாதி போய்விட்டது, புதிய சொகுசு இன்னும் வரவில்லை. எல்லாக் காலத்து ஆட்களும் ஓரளவு சமமாக நிற்கக்கூடிய இடம் அது.

இப்போது டெய்லர். நியூயார்க் ஜயன்ட்ஸ், 1981 முதல் 1993 வரை. அவருக்கு முன்பு வெளிப்புற லைன்பேக்கர் (தடுப்பின் முன்வரிசைக்குப் பின்னால் ஓரத்தில் நிற்பவர்) என்றால் பொறுத்திருந்து, ஆட்டம் எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துப் போகிறவர். டெய்லர் பொறுத்திருக்கவில்லை. அவர் முதல் சீசனின் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றிலேயே சான் பிரான்சிஸ்கோவின் பயிற்சியாளர் பில் வால்ஷ் அவருக்கென்று ஒரு கார்டை, ஜான் ஏயர்ஸை, தனியாக ஒதுக்க வேண்டியிருந்தது. வாஷிங்டனின் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ், முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட்கள் இருவரை நிறுத்தும் முறையை வளர்த்ததற்கு டெய்லரைத்தான் காரணமாகச் சொன்னார். 1986இல் 20.5 சாக், லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது. தடுப்பாட்டக்காரர்களில் அந்த விருது அவருக்கு முன் ஆலன் பேஜ் ஒருவருக்குத்தான் கிடைத்திருந்தது. மைதானத்துக்கு வெளியே அவர் வாழ்ந்த வாழ்க்கையை நான் போற்றவில்லை. 1988இல் போதைப்பொருள் காரணமாக 30 நாள் தடையும் வாங்கினார். ஆனால் ஆட்டத்தின் வடிவத்தையே வளைத்தவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன்.

அவரை யார் தடுப்பார்? வலதுகைக் குவார்ட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடப்பக்கம் இருக்கும். டெய்லர் பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான் வருவார். அங்கே நிற்பவர் லெஃப்ட் டேக்கிள். என் லெஃப்ட் டேக்கிள் சின்சினாட்டியின் அந்தோணி முன்யோஸ். கல்லூரிக் காலத்திலேயே முழங்கால் அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டவர். இவர் தாக்குப்பிடிக்க மாட்டார் என்று பலர் நினைத்தபோது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1980 தேர்வில் சின்சினாட்டி அவரை மூன்றாவதாக எடுத்தது. பதினோரு முறை புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். அவ்வளவு பெரிய உடம்பு, கால்கள் மட்டும் நடனக்காரருடையவை. அவருடைய பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தால் அவசரம் என்பதையே பார்க்க முடியாது. எதிராளி எங்கே வருவான் என்று முன்பே தெரிந்தவர் போல அங்கே போய் நிற்பார்.

அவர் பக்கத்தில் லெஃப்ட் கார்டு, நியூ இங்கிலாந்தின் ஜான் ஹானா. 1978இல் அந்த அணி ஓட்டத்தில் மட்டும் 3,165 யார்டு எடுத்தது. அந்தச் சாதனையை முறியடிக்க 2019 வரை யாராலும் முடியவில்லை. அவ்வளவு ஓடியும் அந்த அணியில் யாரும் தனியாக ஆயிரம் யார்டைத் தொடவில்லை என்பதுதான் விசேஷம். பந்து யார் கையில் இருந்தாலும் வழி மட்டும் திறந்தே கிடந்தது. ரைட் கார்டு புரூஸ் மாத்யூஸ்: 19 சீசன், 296 ஆட்டங்கள், முன்வரிசையின் ஐந்து இடங்களிலும் ஆடியவர். ரைட் டேக்கிள் கிரீன் பேயின் ஃபாரஸ்ட் கிரெக். எடை ஏறக்குறைய 113 கிலோதான், இன்று அந்த எடையில் யாரையும் அந்த இடத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அவருடைய பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி, தான் பயிற்சி கொடுத்தவர்களிலேயே சிறந்தவர் என்று இவரைத்தான் சொன்னார்.

சென்டரை எழுதும்போது மட்டும் கை தயங்குகிறது. பிட்ஸ்பர்க்கின் மைக் வெப்ஸ்டர். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை நான்கு முறை வென்ற அணியில் இருந்தவர், மொத்தம் 17 சீசன். டிசம்பர் குளிரிலும் கைகளை மூடாமல் வந்து நிற்பார். ஓய்வு பெற்ற பிறகு நினைவு தப்பியது, பணம் போனது, சில இரவுகள் தன் வண்டியிலேயே தூங்கினார். 2002இல் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் அவர் மூளையைச் சோதித்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. மீண்டும் மீண்டும் தலையில் விழும் அடிகளால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு ஒரு என்.எஃப்.எல். வீரரிடம் கண்டறியப்பட்டது அதுதான் முதல் முறை. ஒமாலு 2005இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டபோது லீக்கின் குழுவில் இருந்த மருத்துவர்கள் திரும்பப் பெறச் சொன்னார்கள்.

போன அக்டோபரில் என் மகனுக்குத் தலையில் அடிபட்டது. இரண்டு வாரம் ஆடவில்லை, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தான். என் மனைவி இன்றும் மைதானத்துக்கு வருவதில்லை. வெப்ஸ்டரை விட்டுவிட்டு மியாமியின் டுவைட் ஸ்டீவன்சனை எடுக்கலாம், ஆட்டத்தில் அவரும் குறைந்தவர் இல்லை. ஆனாலும் வெப்ஸ்டர்தான் என் சென்டர். இந்த ஆட்டத்தை நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அதற்கு அதிக விலை கொடுத்தவரை ஒதுக்கி வைக்க என்னால் முடியாது.

முன்வரிசை நின்றுவிட்டது, மற்ற இடங்கள் வேகமாக நிரம்பிவிடும். ஓடுபவர் ஜிம் பிரவுன். ஒன்பது சீசன் ஆடி எட்டில் லீக்கிலேயே அதிக யார்டு ஓடினார். 118 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஓட்டத்துக்கு சராசரி 5.2 யார்டு. அவருக்கு முன்னால் வழி திறக்க மரியன் மோட்லி. இவரைப் பலர் மறந்துவிட்டார்கள். 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.லில் ஒரு கறுப்பின வீரரும் கிடையாது. 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்தது. அதே ஆண்டு, போட்டி லீக்கில் ஆடிய கிளீவ்லாந்து பிரவுன்ஸ் மோட்லியையும் பில் வில்லிஸையும் சேர்த்தது. அந்த டிசம்பரில் மியாமியில் நடந்த ஆட்டத்துக்கு இருவராலும் போக முடியவில்லை. வெள்ளையரோடு ஒரே மைதானத்தில் இறங்க அங்கே வழியில்லை. மோட்லி வளர்ந்த ஊர் ஒஹாயோவின் கேன்டன். இன்று தொழில்முறைக் கால்பந்துப் புகழரங்கம் இருப்பதும் அதே ஊரில்தான். அவருடைய வெண்கலச் சிலையையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

இதே காரணத்துக்காகத்தான் ரிசீவர் டான் ஹட்சனை வெளியே வைக்கிறேன். 1945 வரை ஆடிய அவர் பிடித்த 99 டச் டவுன் 1989 வரை சாதனையாக நின்றது. மகத்தான ஆட்டக்காரர். ஆனால் அவர் ஆடிய 11 ஆண்டுகளும் லீக்கின் கதவு கறுப்பினத்தவருக்குச் சாத்தியே இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அவர் எதிர்கொள்ளாதவர்களை நான் எப்படிக் கணக்கில் எடுப்பது? ரிசீவர்கள் ஜெரி ரைஸ், ரேண்டி மாஸ். ரைஸைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: 22,895 யார்டு. மாஸ் 1998இல் வந்தார். அவரைச் சமாளிக்க முடியாமல் கிரீன் பே அடுத்த ஆண்டுத் தேர்வில் முதல் மூன்று சுற்றிலும் ரிசீவர்களைத் தடுக்கும் டிஃபென்சிவ் பேக்குகளையே எடுத்தது. என் கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேண்டுமா? டைட் எண்ட் ராப் கிரான்கவுஸ்கி. பந்தையும் பிடிப்பார், ஆளையும் மறிப்பார்.

குவார்ட்டர்பேக் மொன்டானா. பிரேடி ஏழு சூப்பர் பவுல் வென்றவர், அதை மறுக்க வழியில்லை. இன்றைய விதியென்றால் அவரைத்தான் எடுப்பேன். 1985இன் விதியில் குவார்ட்டர்பேக் வாங்கும் அடி வேறு. 1987 ஜனவரியில் ஜிம் பர்ட் மோதி மொன்டானாவை மயங்கி விழச் செய்தார். அந்தப் பந்தைப் பறித்து டச் டவுன் வரை ஓடியவர் வேறு யாருமில்லை, டெய்லர்தான். அதற்குப் பிறகும் மொன்டானா திரும்பி வந்து இரண்டு சூப்பர் பவுல் வென்றார். நான்கு சூப்பர் பவுலிலும் சேர்த்து 11 டச் டவுன் பாஸ், பறிகொடுத்தது ஒன்றுகூட இல்லை.

தடுப்பில் டெய்லரோடு டிக் பட்கஸும் ரே லூயிஸும். முன்னால் ரெஜி வைட், ஜோ கிரீன், டீக்கன் ஜோன்ஸ், கூடவே ஆலன் பேஜ். பேஜ் ஆடிக்கொண்டே சட்டம் படித்து, பிறகு மினசோட்டா உச்ச நீதிமன்றத்தில் 22 ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர். பின்னால் ரானி லாட், எட் ரீட், டியான் சாண்டர்ஸ், நைட் டிரெய்ன் லேன். லேன் பெரிய கல்லூரி எதிலும் ஆடாதவர். விமானத் தொழிற்சாலை வேலை பிடிக்காமல், தன்னைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை ஒட்டிய நோட்டோடு ராம்ஸ் அலுவலகத்துக்குள் நடந்து போய் வாய்ப்புக் கேட்டார். அந்த 1952இலேயே, 12 ஆட்டங்களில், 14 பாஸ்களைப் பறித்தார். சீசன் 17 ஆட்டங்களாக நீண்ட பிறகும் அந்த எண்ணை யாரும் தாண்டவில்லை. கோலுக்கு உதைக்க ஆடம் வினாட்டியேரி, பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுக்கும் பன்டுக்கு ரே கை.

பயிற்சியாளர் பால் பிரவுன். மோட்லியைச் சேர்த்தவர் அவர். ஜிம் பிரவுனை லீக்குக்குக் கொண்டுவந்தவர் அவர். சின்சினாட்டியைத் தொடங்கி முன்யோஸை எடுத்தபோது அங்கே பொறுப்பில் இருந்தவரும் அவர்தான். மொன்டானாவை வளர்த்த பில் வால்ஷ் அவரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் இத்தனை கோடுகளும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்வதைக் கவனித்தேன்.

என் அணியின் தாக்கும் பதினொருவர் தடுக்கும் பதினொருவரோடு மோதினால் முதல் ஆட்டம் இப்படித்தான். வெப்ஸ்டர் பந்தைக் கொடுக்கிறார், மொன்டானா திரும்பி ஜிம் பிரவுனின் வயிற்றில் வைக்கிறார். இடப்பக்கம், நேராக டெய்லர் நிற்கும் பக்கம். ஹானா உள்ளே இருப்பவரை அடைக்கிறார், முன்யோஸ் டெய்லரை வெளியே தள்ளுகிறார், நடுவில் திறந்த சந்தில் மோட்லி தலையைக் குனிந்து நுழைகிறார். “நாலு யார்டு கிடைக்குமாப்பா?” என்று மகன் கேட்டான். கிடைக்கும் என்றேன். டெய்லரைத் தாண்டி ஆறு கிடைக்காது என்றான் அவன்.