வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ள நினைக்கும் ஆண் எங்கிருந்து தொடங்கலாம்?

காலைக் காபியிலிருந்து தொடங்குங்கள். கூடமாட நின்று ஒத்தாசை செய்வதோடு நிறுத்தாமல், பொடி வாங்குவது முதல் ஃபில்டர் கழுவிக் கவிழ்ப்பது வரை அந்த வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கைவைக்கிற ஆண்களை மட்டும் கணக்கில் எடுத்த சராசரி. இதில் காபி சின்ன வேலைதான். ஆனால் தினமும், குறித்த நேரத்தில், ஒருத்தர் எழுந்து செய்தே ஆகவேண்டிய வேலை. வீடே ரசித்துக் குடிக்கிற அந்தக் காபியை, பல வீடுகளில் போட்டவர் மட்டும் ஆறிப்போன பிறகுதான் குடிக்கிறார்.

நாலு பேருக்கான அளவு சொல்கிறேன். காபிப் பொடி 30 கிராம், அதாவது மேசைக்கரண்டியில் குவித்து நாலு. சிக்கரி 20 சதவீதம் கலந்த பொடியில் தொடங்குங்கள். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, லேசாகத் தட்டிச் சமன்படுத்தி, குடையை (நடுவில் காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) வைத்து மெதுவாக அழுத்துங்கள். தண்ணீர் 200 மில்லி. கொதித்து அடங்கியதும் குடையின் மேல் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். பொடியே 60 மில்லி போலக் குடித்துவிடும். கீழே 140 மில்லி டிகாக்‌ஷன் இறங்கும். இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பொறுத்திருக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு 35 மில்லி டிகாக்‌ஷன், 100 மில்லி பால். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சு பாக்கெட் என்றால் அரை லிட்டர் தாராளம். பால் பொங்கியதும் இறக்கிவிடுங்கள். டிகாக்‌ஷனைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் கசந்துவிடும்.

தடுமாறும் இடம் பெரும்பாலும் ஃபில்டர்தான். டிகாக்‌ஷன் இறங்கவே இல்லையென்றால் மூன்று காரணம் பாருங்கள். பொடி மாவாக அரைபட்டிருக்கும், அல்லது குடையை ரொம்ப அழுத்தியிருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுகி, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் போயிருக்கும். துணியால் பிடித்து மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி மறுபடி வைத்தால் சொட்ட ஆரம்பிக்கும். அடிக்கடி அடைத்தால் காலிப் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், எத்தனை ஓட்டை மூடியிருக்கிறது என்று தெரியும். எவர்சில்வர் ஃபில்டர் என்றால் அடிப்பாகத்தை ஒரு நிமிடம் அடுப்பில் காட்டி, கருகிய பொடியை ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். உள்ளே ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரை நெருப்பில் காட்டவே கூடாது; பூச்சு உருகிவிடும். மாறாக ஐந்தே நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டதா? பொடி கொரகொரப்பாக இருக்கிறது, அல்லது குடையை அழுத்தியது போதவில்லை.

இவ்வளவும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். கைவர நாளாவது வேறொன்று. பால் பாக்கெட் இருக்கிறதா, பொடி எத்தனை நாளுக்கு வரும், மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல் தனியாக எடுத்தாயிற்றா என்று நினைவில் வைத்திருப்பதும் வேலையில் சேர்த்திதான். "பொடி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போடுகிற காபியில் பாதி வேலையை இன்னமும் அவர்தான் பார்க்கிறார். பொடி டப்பாவில் 100 கிராம் மிச்சமிருக்கும்போதே அடுத்ததை வாங்குங்கள். 30 கிராம் கணக்கில் அது மூன்று நாளைக்குத்தான் வரும்.

இன்னொன்றை உறுதியாகச் சொல்வேன். கெட்டியான முதல் டிகாக்‌ஷன் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும், அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுத்த இரண்டாம் டிகாக்‌ஷன் வீட்டுப் பெண்களுக்கும் வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் என்று பிரிக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இதை நிறுத்துங்கள். ஆளுக்கு ஏழெட்டு கிராம் வீதம் பொடியைக் கூட்டிப் போட்டால் எல்லோருக்கும் முதல் டிகாக்‌ஷனே கிடைக்கும். இத்தனை வருஷம் கடைசியில் குடித்தவருக்கு முதல் டம்ளரைச் சூடாகக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

"நீ நகரு, நானே போட்டுடறேன்" என்று அம்மாவோ மனைவியோ முதல் சில நாள் வருவார்கள். காபி தண்ணியாக இருந்தால் அப்படித்தான் சொல்லத் தோன்றும். விட்டுக்கொடுக்காதீர்கள். மறுநாள் ஒரு கரண்டி பொடியைக் கூட்டிப் போடுங்கள். வீட்டில் பையனும் பெண்ணும் இருந்தால் இருவருக்கும் ஒரே வயதில் இதைச் சொல்லிக்கொடுங்கள். கொதிநீரைக் கையாளும் பக்குவம் வரும்வரை ஃபில்டர் கழுவும் வேலை இருவருக்கும் முறைபோட்டு வரட்டும்.

விருந்தாளி வரும்போதுதான் இந்த ஏற்பாடு சட்டென்று பழைய நிலைக்குப் போகும். அவர்கள் உட்கார்ந்ததும் எழுந்து உள்ளே போகவேண்டியது நீங்கள். அதற்காகக் காலையிலேயே கூடுதலாக 50 மில்லி டிகாக்‌ஷன் எடுத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுப்பில் நேரடியாகச் சுடவைக்காமல், அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் இரண்டு நிமிடம் இறக்கி வைத்தால் போதும்.