கூகுள் மேப்புல தெருவோட போட்டோவ காட்டற ஸ்ட்ரீட் வியூல ஒரு தெருவ மட்டும் பாத்து அது எந்த ஏரியான்னு சொல்ல முடியுமா? வட சென்னை முழுக்க ஒரே மாதிரி தான இருக்கு?

முதல் கேள்விக்கு பதில், முடியும். ரெண்டாவது கேள்விய நான் ஒத்துக்கவே மாட்டேன், அதுக்காகத் தான் இவ்ளோ நீளமா எழுதறேன். நான் பொறந்து வளந்தது தண்டையார்பேட்டை. எங்கப்பா ரொம்ப வருஷம் கொத்தனாரா இருந்து அப்புறம் மேஸ்திரி ஆனவரு, ராயபுரத்துலேந்து திருவொற்றியூர் வரைக்கும் அவரு வேலை பாக்காத தெரு கம்மி. ஒரு வீட்ட எப்படிப் பாக்கணும்னு நான் கத்துக்கிட்டது அவர்கிட்ட தான்.

தமிழ்நாடு முழுக்கன்னு எடுத்துக்கிட்டா வேலை சுலபம். சரிவா ஓட்டுக் கூரை, சுத்தி தென்ன மரம், செவப்பு மண்ணுன்னா நாகர்கோவில் பக்கம், ரெண்டு பருவ மழையும் அடிக்கிற ஊரு, 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த ஜில்லா, அதனால கூரையே கேரளா பாணி. தெருவுல ஒரு பக்கம் பூரா ஒரே வீட்டோட மதிலா இருந்தா செட்டிநாடு. ஒட்டி ஒட்டி வரிசையா திண்ணை வெச்ச வீடு, தெரு கடேசில கோயிலோ குளமோ தெரிஞ்சா கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான். ஸ்ட்ரீட் வியூ படத்த பாத்து எடத்த கண்டுபிடிக்கற ஜியோகெஸ்ஸர் கேம் வெளையாடறவங்க இதுக்கு மேலயே சொல்வாங்க.

வட சென்னைக்கு வருவோம். அப்பா ஒரு பழைய தெருவுக்குள்ள நொழஞ்சா மொதல்ல பாக்கறது வாசப்படி. ரோடு போடறப்ப பழைய தார சுரண்டாம அது மேலயே போட்டுப் போட்டு ரோடு ஏறிக்கிட்டே வரும், வீடு அங்கயே நிக்கும். ஒரு காலத்துல மூணு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்னிக்கு ரெண்டு படி எறங்கிப் போவணும். எங்க பாட்டி காலத் தொங்கப் போட்டு ஒக்காந்த திண்ணைல நான் ஒக்காந்தா முட்டி மோவாய்ல இடிக்கும், அவ்ளோ ஏறிடுச்சு ரோடு. அதனால போட்டோல வாசல் ரோட்டுக்குக் கீழ இருந்தா அது பழைய வீடு, அந்த வாசல்ல சிமென்ட்டுல ஒரு சாண் ஒசரத்துக்கு தடுப்பு கட்டிருந்தா அந்த வீட்டுக்குள்ள மழைத் தண்ணி வந்துருக்குன்னு அர்த்தம், இடிச்சு கட்டின புது வீடுன்னா எதுக்கும் இருக்கட்டும்னு மூணு அடி தூக்கி கட்டிருப்பாங்க. 2021-ல தலைமைச் செயலாளர், பழைய தார சுரண்டி எடுத்துட்டுத் தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டாரு, அதுக்குள்ள எங்க தெரு ஏற வேண்டியதெல்லாம் ஏறி முடிச்சிருச்சு.

ஜார்ஜ் டவுன், சௌகார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைல மனை எல்லாம் முன்னாடி குறுகலா இருக்கும், உள்ள போனா போய்க்கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவுல சந்தே கெடையாது, ஒரே சுவரு. தங்கசாலை பக்கம் கீழ கடையோ குடோனோ, மேல வீடு. கடைக்கு மேல நிமிந்து பாத்தீங்கன்னா சுண்ணாம்புல செஞ்ச பூ வேலையும் மரச் சட்டம் போட்ட ஜன்னலும் போர்டுக்குப் பின்னால ஒளிஞ்சு கெடக்கும். அந்த வீடுங்களோட தளத்தத் தான் மெட்ராஸ் டெரஸ்னு சொல்லுவாங்க. தேக்கு உத்தரத்த வரிசையா போட்டு, அதுமேல மெல்லிசா சின்னச் சின்ன செங்கல்ல கோணவாட்டுல நிக்க வெச்சு சுண்ணாம்புல ஒட்டி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள் கணக்கா கட்டையால தட்டித் தட்டி இறுக்கி, கடேசில தட்டு ஓடு பதிப்பாங்க. சித்திரை வெயில்லயும் உள்ள அனல் தெரியாது. மரம் எவ்ளோ நீளமோ அவ்ளோ தான் ரூமோட அகலம், அதனால வெளிலேந்து ஜன்னல் எல்லாம் நெருக்க நெருக்கமா தெரியும். அப்பா ஸ்ட்ரீட் வியூல ஜன்னலுக்கு ஜன்னல் இடைவெளிய பாத்துட்டு, இது கம்பி போட்ட தளம் இல்ல, உத்தரம் போட்டதுன்னு சொல்லிடுவாரு. அப்படிப்பட்ட வீட்ட இடிக்கறப்ப தேக்கு தனியா நல்ல வெலைக்குப் போவும், அவரு அன்னிக்கி ஃபுல்லா யார்கிட்டயும் பேச மாட்டாரு.

அங்கேந்து கடல் பக்கம் வாங்க, காசிமேடு, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம். இங்க இருக்கற வீட்டப் பாத்து வெளியூர்க்காரங்க பராமரிப்பே இல்லன்னு சொல்லுவாங்க. அது உப்புக் காத்து பண்ற வேலை. கம்பி துருப் புடிச்சா ஊதும், ஊதினா மேல இருக்கற சிமென்ட்டத் தள்ளிடும், பால்கனி அடில கம்பி பல்லு மாதிரி தெரியும். பெயின்ட் அடிச்சா ரெண்டு மழைக்கு மேல நிக்காது, அதனால தான் முன்பக்க சுவரு பூரா டைல்ஸ் ஒட்றாங்க, ஆடம்பரத்துக்கு இல்ல. ஒரு வீட்டு டைல்ஸ்ல வேளாங்கண்ணி மாதா இருப்பாங்க, பக்கத்து வீட்டுல அம்மன் இருப்பா. வலை காயுதா, ஐஸ் பொட்டி அடுக்கிருக்கா, மீன் கூடை கவுத்திருக்கான்னு பாத்தா போதும், காசிமேடு.

அந்த ரோட்டுல கடல் இருக்கும் ஆனா மணல் இருக்காது, பாறாங்கல்லு தான் கொட்டி வெச்சிருப்பாங்க. இதுவும் ஒரு அடையாளம். நம்ம கரைல அலை மணல தெக்கேந்து வடக்க தள்ளிக்கிட்டே போவும், 1870-கள்ல துறைமுகத்துக்காக கடலுக்குள்ள சுவரு கட்ட ஆரம்பிச்சாங்க, மணல் அங்கயே தேங்கிருச்சு. தெக்க மெரினா அகலமாச்சு, வடக்க எங்க கரைய கடல் தின்னுது. ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரே ஊரு, ஒரே கடல், ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம்.

பெரம்பூர் வேற உலகம். ரயில்வேயால வளந்த ஏரியா, அப்புறம் 1955-ல ரயில் பெட்டி செய்யற ஐ.சி.எஃப் ஃபேக்டரி வந்துச்சு. நேர் நேரா தெரு, குவார்ட்டர்ஸ், வேப்ப மரம், சில தெருவுல முன்னாடி சின்னத் தோட்டமும் ஓடு போட்ட போர்டிகோவும் வெச்ச ஆங்கிலோ இந்தியன் வீடுங்க இன்னும் மிச்சம் இருக்கு. திருவொற்றியூர்னா தேர் ஓடற வீதி, அகலத்த வெச்சே தெரிஞ்சுரும். காலடிப்பேட்டை கதைய நெறைய பேரு வேற மாதிரி நெனைப்பாங்க, அது காலடி இல்ல, 1717-லேந்து 1720 வரைக்கும் கவர்னரா இருந்த காலெட் பேர்ல நெசவாளிங்கள குடியமத்தின பேட்டை.

இன்னொன்னு, மீட்டர் பாக்ஸ எண்ணுங்க. வாசல்ல ஆறு மீட்டர் வரிசையா இருந்தா உள்ள ஆறு போர்ஷன், ஆறு குடும்பம். பழைய ஆளுங்க ஸ்டோர் வீடுன்னு சொல்லுவாங்க. வாசல் ஓரம் அடிபம்பு, நீல டிரம்மு, கலர் கலரா குடம். மெட்ரோ வாட்டர் குடிநீர் லைன்ல தானா மேல ஏறி வர அழுத்தம் இல்லாத எடம்னு அந்தப் பம்பு சொல்லுது. இந்த மூணையும் பாத்தா உள்ள போகாமயே அந்த வீட்டோட காலை அஞ்சு மணி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

இப்ப போட்டோவ பத்தி. இந்தியால ஸ்ட்ரீட் வியூ லேட்டா தான் வந்துச்சு. 2011-ல பெங்களூர்ல ஆரம்பிச்சு நிறுத்துனாங்க, 2016-ல மத்திய அரசு வேணாம்னுடுச்சு, 2021-ல விதிய மாத்தி இந்தியக் கம்பெனிங்க மட்டும் தெருவ படம் எடுக்கலாம்னாங்க, 2022 ஜூலைல சென்னையோட சேத்து பத்து ஊருல வந்துச்சு. கார் மேல கேமரா வெச்சு எடுக்கறது. கார் எந்த அன்னிக்கு எந்த நேரத்துல போச்சோ அது தான் அந்தத் தெருவோட மொகம்னு ஆயிடுது. எங்க பக்கம் துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரிங்க மணிக்கணக்கா வரிசைல நிக்கும். அன்னிக்கு லாரி நின்னுருந்தா பின்னாடி இருக்கற அம்பது வீடும் கெடையாது, ஒரு நீளமான இரும்பு சுவரு மட்டும் தான்.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, எங்க சித்தப்பா பொண்ணுக்கு ஒரு வரன் வந்துச்சு. எல்லாம் பொருந்திச்சு, பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி அவங்க மேப்புல எங்க தெருவப் போட்டு பாத்துருக்காங்க. லாரி, அது பக்கத்துல நெறஞ்சு வழியற குப்பைத் தொட்டி. ஏரியா ஒரு மாதிரி இருக்கேன்னு போன்ல சொன்னாங்க, அப்புறம் வரவே இல்ல. சித்தப்பா அந்த வீட்டுக்கு மாடி எழுப்ப பதினோரு வருஷம் கடன் கட்டுனவரு. அந்த மாடி போட்டோல தெரியவே இல்ல.

பெரிய அளவுலயும் இதே தான் நடக்குது. அமெரிக்கால எம்.ஐ.டி பல்கலைக்கழகத்துல பிளேஸ் பல்ஸ்னு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, உலகத்துல 56 ஊரோட ஸ்ட்ரீட் வியூ படங்கள ரெண்டு ரெண்டா காட்டி எது பாதுகாப்பா தெரியுது, எது பணக்கார எடமா தெரியுதுன்னு ஜனங்கள கேட்டு பத்து லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, அத வெச்சு கம்ப்யூட்டருக்கு சொல்லிக் குடுத்தாங்க. ஆராய்ச்சியா அது நல்ல வேலை தான். ஆனா துருப் புடிச்ச கிரில்ல பாத்ததும் கம்ப்யூட்டர் என்ன முடிவு பண்ணும், எங்க கடல் காத்த அதுக்கு யாரு சொல்லுவாங்கன்னு நான் யோசிக்கறது உண்டு.

அப்புறம் சந்து. மேப்புல அந்த மஞ்ச பொம்மைய தூக்குனா படம் இருக்கற தெரு எல்லாம் நீலமா மாறும். வட சென்னைல பண்ணிப் பாருங்க, பெரிய ரோடு நீலம், உள்ள பாதி ஏரியா வெறும் கோடு. கார் நொழையாத எடம். நெறைய ஜனம் அங்க தான் இருக்காங்க. சரி, நாமளே எடுத்துப் போடலாம்னு போன வருஷம் 360 டிகிரி கேமரா ஒன்னு ஃப்ரெண்டுகிட்ட வாங்கிட்டு ஒரு ஞாயித்துக்கெழமை காலைல எங்க சந்துக்குள்ள போனேன். மூணு அடி அகலம், ரெண்டு பேரு எதிர எதிர வந்தா ஒருத்தர் ஒதுங்கணும். ஒரு அக்கா வாசல்ல ஸ்டவ் வெச்சு ஆப்பம் ஊத்திட்டிருந்தாங்க, எதிர் வீட்டு அம்மா கொழந்தைக்கு தல தொவட்டிட்டிருந்தாங்க, ஒரு தாத்தா கயித்துக் கட்டில்ல தூக்கம். போட்டோ எடுத்து மேப்புல போடட்டுமாக்கான்னு கேட்டேன்.

"எதுக்குப்பா, இது தெருவா? இது எங்க வூடு. உள்ள இடம் பத்தாம தான வெளிய கீறோம், ராத்திரி பொம்பளைங்க இங்க தான படுக்கறோம்"னாங்க.

கேமராவ பைக்குள்ள வெச்சுட்டேன். கூகுள்ல மூஞ்சிய மங்கலாக்கி மறைச்சுடுவாங்கன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. அவங்க சொன்னது மூஞ்சிய பத்தி இல்ல. ரெண்டு ஆப்பம் வெச்சுக் குடுத்தாங்க, தேங்காப் பால் ஊத்தி, அங்கயே படில ஒக்காந்து சாப்ட்டு வந்தேன்.

அதனால எங்க சந்து மேப்புல இன்னும் ஒரு கோடு தான். நீங்க நெஜமாவே பாக்கணும்னு நெனச்சா தண்டையார்பேட்டை மெட்ரோல எறங்கி கடல் பக்கமா நடங்க, ஞாயித்துக்கெழமைன்னா எட்டு மணிக்குள்ள வாங்க, ஆப்பம் அதுக்கப்புறம் கெடைக்காது.